கூலி கொடுத்தது எதற்கு? ஓபன் ஃபைல் கேட்போருக்கும் மறுப்போருக்கும்



நிகாஹ் முடிந்து, வலீமா விருந்தும் முடிந்து, மிஞ்சிய அழைப்பிதழ்கள் அலமாரிக்குள் அடங்கி மூன்று மாதங்கள் ஆன பின் அந்தச் செய்தி வருகிறது. "தம்பி, நம்ம கார்டோட ஓபன் ஃபைல மட்டும் அனுப்பி விடுங்க. மச்சான் வீட்டுக் கல்யாணம் வருது. பேரை மட்டும் மாத்திக்கிறோம்." அது தனி வேலை, தனிக் கூலி என்று பணிவோடு சொன்னால், மறுமொழியும் உடனே வருகிறது: "அதான் காசு கொடுத்துட்டோமே?"

இந்த ஒற்றைக் கேள்விக்கு எதிராகவே இக்கட்டுரையை எழுதுகிறோம். வடிவமைப்புத் தொழிலை நம்பிக் குடும்பம் நடத்துகிற நாங்கள் சிலர், இக்கேள்வியைக் கேட்டுக் கேட்டுச் சலித்திருக்கிறோம். ஆனால் எங்கள் தரப்பிலும் ஒரு வாக்கியம் உண்டு. கேட்டவரைத் தட்டிக்கழிக்க நாங்கள் சொல்வது அது: "சிஸ்டம் ஃபார்மட் ஆயிடுச்சு, ஃபைல் எல்லாம் போயிடுச்சு." இதற்கு எதிராகவும் எழுதுகிறோம். முதல் வாக்கியம் பிறர் உரிமையைத் தன்னுடையதாகக் கருதுகிறது. இரண்டாவது தன் உரிமையைக் காக்கப் பொய்யை நாடுகிறது. இரண்டையும் மார்க்கம் ஏற்காது.

வாங்கியது எது, கேட்பது எது?

முதலில் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஓர் அழைப்பிதழோ, மத்ரஸாவின் சேர்க்கை அறிவிப்போ, உணவகத்தின் விலைப்பட்டியலோ செய்து தருமாறு ஒருவர் கேட்கிறார். நாங்கள் செய்து, பிழை திருத்தம் பார்த்து, அவர் ஒப்புக்கொண்ட பின் அச்சுக்குரிய பிடிஎஃப் கோப்பையும் வாட்ஸ்அப்பில் அனுப்புவதற்கான படத்தையும் கொடுக்கிறோம். இதுவே முடிந்த வேலை. இதை அவர் ஆயிரம் முறை அச்சடிக்கலாம், ஊருக்கெல்லாம் அனுப்பலாம், சட்டம் போட்டு மாட்டலாம். எங்களைக் கேட்க வேண்டியதில்லை.

ஓபன் ஃபைல் என்பது வேறு. கோரல்டிராவிலோ, ஃபோட்டோஷாப்பிலோ, இல்லஸ்ட்ரேட்டரிலோ அந்த வேலை உருவான கோப்பு அது. அதில் எழுத்துகள் இன்னும் எழுத்துகளாகவே இருக்கும். பூவேலைப்பாடுகள் தனித்தனி அடுக்குகளாக இருக்கும். எந்த நிறத்தின் மேல் எந்த நிழல், எந்த இடைவெளி எதனால் என்பதெல்லாம் திறந்து கிடக்கும். எவரும் அதை எடுத்து வேறொரு வேலையாக மாற்றிவிடலாம். முடிந்த கோப்பு ஒரு விளைபொருள். ஓபன் ஃபைல் அதை விளைவித்த கருவி.

நெல்லைச் சீமையில் பத்தமடைக்குப் போனால் நம் சமுதாயத்துப் பெண்கள் கோரைப்பாய் நெய்வதைக் காணலாம். திருமணத்திற்கென்று மணமக்களின் பெயரையே பாயில் நெய்து தருவதும் அங்கே வழக்கம். அப்படிப் பெயர் நெய்த பாயை வாங்கியவர் எவரும், "மச்சான் கல்யாணத்துக்குப் பெயரை மட்டும் நாங்களே மாற்றி நெய்துகொள்கிறோம், தறியைக் கொடுங்கள்" என்று கேட்டதில்லை. பாய்க்குக் கொடுத்த பணத்தில் பாய் வரும், தறி வராது என்பது அவருக்குத் தெரியும். ஈய எழுத்துக் காலத்து அச்சகத்திலும் இதே நிலைதான். நோட்டீஸ் அடித்து முடித்ததும் கோத்த எழுத்துகளைப் பிரித்து மீண்டும் அறைகளில் போட்டுவிடுவார்கள். அந்த எழுத்துகளைப் பொட்டலம் கட்டித் தரச் சொல்லி நம் பாட்டன்மார் சண்டை போட்டதில்லை.

கண்ணுக்குத் தெரிகிற தறிக்கு நாம் கொடுக்கும் மரியாதையைக் கண்ணுக்குத் தெரியாத கோப்புக்குக் கொடுக்க மறுக்கிறோம். அதை அனுப்ப ஒரு விரல் தட்டு போதும் என்பதால், அதை உண்டாக்கவும் ஒரு விரல் தட்டே போதுமாயிருந்தது என்று எண்ணிக்கொள்கிறோம்.

"காசு கொடுத்துட்டோமே" என்பதன் பொருள்

காசு கொடுத்தது உண்மை. எதற்குக் கொடுத்தீர்கள் என்பதே கேள்வி. வியாபாரத்தில் விற்கப்படும் பொருள் எதுவென்று இரு தரப்புக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பது நம் ஃபிக்ஹின் அடிப்படைப் பாடம். தெளிவின்மை கலந்த வியாபாரத்தை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அழைப்பிதழ் என்று பேசி, அழைப்பிதழ் என்று விலை வைத்து, அழைப்பிதழ் என்று வாங்கிச் சென்ற பின், "அதோடு இதுவும் சேர்த்தி" என்று ஒருவர் மட்டும் தம் மனத்துக்குள் சேர்த்துக்கொண்ட பொருள் அந்த உடன்படிக்கையில் அடங்காது.

உடன்படிக்கைகளை நிறைவேற்றுமாறு திருக்குர்ஆனின் அல்மாயிதா அத்தியாயம் தன் முதல் வசனத்திலேயே கட்டளையிடுகிறது. நிறைவேற்றுவது என்றால் பேசியதைக் கொடுப்பது, பேசியதைப் பெறுவது. பேசாததைக் கேட்டுப் பெறுவது நிறைவேற்றுவது ஆகாது.

ஷுஐப் நபி (அலை) அவர்களின் சமூகத்தாரை நினைத்துப் பார்ப்போம். அளவையிலும் நிறுவையிலும் மோசடி செய்த மத்யன் வாசிகளை அவர்கள் எச்சரித்தபோது, மனிதர்களுக்கு அவர்களுடைய பொருள்களைக் குறைத்துவிடாதீர்கள் என்றும் அறிவுறுத்தியதாகத் திருமறை எடுத்துரைக்கிறது. தராசுக்கு மட்டுமான அறிவுரை அன்று அது. ஒருவருடைய உழைப்பின் மதிப்பைக் குறைத்துப் பேசி அவரிடமிருந்து இலவசமாய் ஒன்றைப் பெற்றுவிடுவதும் குறைத்தலே. "கம்ப்யூட்டர்ல தட்டினா வந்துடுது, இதுக்கு என்ன காசு?" என்று கேட்கிறவர் தராசைத் தொடவில்லை. ஆயினும் அவர் கையில் குறைந்த எடைக்கல் ஒன்று இருக்கிறது.

ஒரு வேலையாளை அமர்த்தி, அவரிடம் முழு வேலையையும் வாங்கிக்கொண்டு, கூலியைக் கொடுக்காதவனுக்கு மறுமையில் தானே எதிர்த்தரப்பாக நிற்பதாக அல்லாஹ் கூறுகிறான் என்ற ஹதீஸ் குத்ஸி புகாரியில் இடம்பெற்றுள்ளது. இதைக் கேட்டதும், "நாங்கள் கூலி கொடுத்துவிட்டோம், இது எங்களுக்குப் பொருந்தாது" என்று பலர் நிம்மதி அடையக்கூடும். ஒரு வேலைக்குக் கொடுத்த கூலியை வைத்து அடுத்த நான்கு வேலைகளையும் முடித்துக்கொள்ள நினைத்தால், அந்த நான்கிற்கான கூலி எங்கே போயிற்று என்று அவர்கள் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளட்டும்.

சட்டமும் அறிஞர் முடிவும்

இது வெறும் தொழிற்சங்கப் பேச்சு என்று எண்ண வேண்டாம். இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு படைப்பின் முதல் உரிமையாளர் அதை ஆக்கியவரே. இதற்கு விலக்குகள் உண்டு. மாதச் சம்பளத்தில் வேலை செய்பவர் தம் பணியின் பகுதியாக ஆக்கியது, வேறு உடன்பாடு இல்லாதபோது, முதலாளிக்குரியது. ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படமும், வரையச் சொன்ன ஓவியமும் அவ்வாறே பணம் கொடுத்தவருக்குரியவை. ஆகவே கல்யாணப் புகைப்படக்காரரிடம் நீங்கள் பேசும் உரிமையும், அழைப்பிதழ் வடிவமைத்தவரிடம் பேசும் உரிமையும் ஒன்றல்ல. உரிமையை முழுமையாக மாற்றிக் கொடுப்பதானால் அது எழுத்தில், கையொப்பத்துடன் இருக்க வேண்டும் என்றும் அதே சட்டம் கூறுகிறது. வாட்ஸ்அப்பில் விலை பேசி ஜிபேயில் பணம் அனுப்பியதால் மட்டும் அந்த உரிமை கைமாறிவிடாது.

நாட்டுச் சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், மார்க்கத்தில் இப்படி ஓர் உரிமை உண்டா என்று கேட்போர் இருக்கின்றனர். பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய தன் ஐந்தாவது அமர்வில் இதை ஆராய்ந்தது. வணிகப் பெயர், வணிகச் சின்னம், எழுத்தாக்கம், கண்டுபிடிப்பு ஆகியவை அவற்றின் உரியவர்களுக்குச் சொந்தமான உரிமைகள் என்றும், ஷரீஅத் அவற்றைப் பாதுகாக்கிறது என்றும், அவற்றின் மீது அத்துமீறுவது கூடாது என்றும் அதன் 43ஆம் தீர்மானம் தெரிவிக்கிறது. பத்வா கொடுப்பது எங்கள் வேலையன்று. உலக அளவில் அறிஞர்கள் கூடிச் சொன்னதை நினைவூட்டுகிறோம், அவ்வளவே.

பெயரை மட்டும் மாற்றியதால் நேர்ந்தது

பணத்தைவிடப் பெரிய காரணம் ஒன்றும் உண்டு. அனுபவத்தில் கண்டதைச் சொல்கிறோம்.

சென்னையில் ஒரு பள்ளிவாசலுக்கு ரமலான் மாத ஸஹர், இஃப்தார் நேர அட்டவணையை வடிவமைத்துக் கொடுத்தோம். நிர்வாகத்தைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் ஓபன் ஃபைலைக் கேட்டார். மறுக்க மனமின்றி, ஒரு நிபந்தனையும் பேசாமல், கொடுத்துவிட்டோம். அது கைமாறிக் கைமாறிக் கோவைப் பக்கத்து ஊர் ஒன்றில் உள்ள உறவினரிடம் போய்ச் சேர்ந்தது. அங்கே பள்ளிவாசலின் பெயரை மாற்றினார்கள், முகவரியை மாற்றினார்கள், நன்கொடையாளர் பெயரை மாற்றினார்கள். நேரங்களை மாற்றவில்லை.

சென்னைக்கும் கோவைக்கும் இடையே ஏறத்தாழ மூன்றேகால் பாகை தீர்க்கரேகை வேறுபாடு இருக்கிறது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். அதாவது கோவையில் சூரியன் மறைவது சென்னையைவிட ஏறத்தாழ பதின்மூன்று நிமிடம் கழித்து. அந்த அட்டவணையை நம்பியவர் சூரியன் மறைவதற்கு முன்பே நோன்பு திறந்திருப்பார். அச்சான தாளைக் கையில் வாங்கிய அவ்வூர் இமாம் மஃரிப் நேரத்தைப் பார்த்ததும் ஐயம் கொண்டு, விநியோகத்தை நிறுத்தினார். அல்ஹம்துலில்லாஹ். தாளின் அடியில் வடிவமைப்பு என்று இருந்த எங்கள் தொலைபேசி எண்ணை மட்டும் எவரும் மாற்றவில்லை. ஆகவே முதல் அழைப்பு எங்களுக்கே வந்தது. "மார்க்க விஷயத்தில் இவ்வளவு அலட்சியமா?" என்று ஒருவர் கேட்டார். எங்களிடம் சொல்ல ஒரு பதில் இருந்தது. ஆயினும், கேட்டதும் யோசிக்காமல் அனுப்பிய குற்றம் எங்களுடையதே என்பதால் வெட்கத்தோடு கேட்டுக்கொண்டோம்.

இன்னொன்று நிகாஹ் அழைப்பிதழ். அரபு எழுத்துகள் வலமிருந்து இடமாகச் செல்பவை, ஒன்றோடொன்று இணைபவை. அதற்குரிய வசதி இல்லாத பழைய மென்பொருளில் திறந்தால் எழுத்துகள் தனித்தனியே பிரிந்து, வரிசையும் தலைகீழாகிவிடும். இதனால்தான் அச்சுக்குக் கொடுக்கும் கோப்பில் எழுத்துகளை வளைகோடுகளாக மாற்றிவிடுகிறோம். அச்சகத்தில் இதைக் கர்வ்ஸ் போடுவது என்பார்கள். அதன் பின் எந்தக் கணினியில் திறந்தாலும் எழுத்து சிதையாது. ஓபன் ஃபைலில் அந்தப் பாதுகாப்பு இல்லை. எங்களிடமிருந்து சென்ற கோப்பு ஒன்று இப்படித் திறக்கப்பட்டு, பிஸ்மில்லாஹ் துண்டு துண்டாய்ச் சிதறிய நிலையில் அட்டைகள் அச்சாகிவிட்டன. அச்சகத்தில் அரபு தெரிந்தவர் இல்லை. கல்யாண வீட்டில் எவரும் பிழை திருத்தம் பார்க்கவில்லை. அட்டைகள் அனைத்தும் வீணாயின. மிச்சம் பிடிக்க நினைத்த கூலியைப்போல் பல மடங்கு தாளுக்கும் அச்சுக்கும் போயிற்று.

தமிழிலும் இந்தத் தொல்லை உண்டு. யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருக்களில் அமைத்த கோப்பை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழ் மறைந்து பொருளற்ற குறிகள் தோன்றும். அப்போது, "எழுத்துருவையும் அனுப்புங்கள்" என்பார்கள். விலை கொடுத்து வாங்கிய எழுத்துருவும், விலை கொடுத்து வாங்கிய படங்களும், அவற்றை ஆக்கியவர்கள் குறிப்பிட்ட நிபந்தனையோடு எங்களுக்குக் கொடுத்தவை. பிறருக்குக் கொடுக்க அனுமதி இல்லையென்றால் அவை எங்களிடம் இருக்கும் அமானத். அமானத்தை அள்ளிக் கொடுத்து நல்ல பெயர் வாங்க எங்களுக்கு உரிமை இல்லை.

"அல்லாஹ்வுக்காகச் செய்யுங்கள்"

மிகவும் கடினமான இடத்துக்கு வருகிறோம். கடைக்காரர் கேட்டால் விலை சொல்லிவிடலாம். பள்ளிவாசலும், மத்ரஸாவும், நற்பணி மன்றமும் கேட்கும்போது அதனுடன் ஒரு வாக்கியமும் சேர்ந்து வருகிறது: "இது தீனுடைய வேலை. உங்களுக்கு நன்மை கிடைக்கும்."

நன்மையை வேண்டாம் என்று சொல்லும் முஸ்லிம் இல்லை. நாங்களும் ஜனாஸா அறிவிப்புகளுக்கும், மருத்துவ உதவிக் கோரிக்கைகளுக்கும் கூலி வாங்குவதில்லை. எங்கள் தெருக்களில் வீட்டிலிருந்தபடியே இந்தத் தொழிலைச் செய்யும் சகோதரிகள் பலரும் இப்படித்தான் கொடுக்கிறார்கள். ஆனால் ஸதகா என்பது கொடுப்பவர் மனமுவந்து கொடுப்பது. ஒரு முஸ்லிமின் பொருள் அவருடைய மனப்பூர்வமான சம்மதமின்றிப் பிறருக்கு ஆகுமானதன்று என்பது நபிமொழி கற்றுத் தரும் வரம்பு. சபையில் பத்துப் பேர் முன்னிலையில், மறுத்தால் ஈமானையே சந்தேகிப்பார்களோ என்று அஞ்சும் நிலையில் வாங்கிய சம்மதம் மனப்பூர்வமானதா? கேட்டவர்தாம் சிந்திக்க வேண்டும்.

அதே பள்ளிவாசல் மின்சாரக் கட்டணத்தைச் செலுத்துகிறது. கொத்தனாருக்குக் கூலி கொடுக்கிறது. ஒலிபெருக்கி பழுது பார்ப்பவருக்குக் கேட்ட தொகையைக் கொடுக்கிறது. அவரிடம், "தீனுடைய வேலை, உங்கள் கருவிப் பெட்டியையும் இங்கேயே வைத்துவிட்டுப் போங்கள்" என்று எவரும் சொல்வதில்லை. பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டு, இஷாவுக்குப் பின் கணினி முன் அமர்ந்து, இரவு ஒரு மணி வரை உழைக்கிற நம் சகோதரியிடம் மட்டும் அப்படிச் சொல்லலாமா? வெளியே வேலைக்குப் போகாமல் கண்ணியமாய்ச் சம்பாதிக்கட்டும் என்று மேடையில் பேசுகிறோம். அவர் கண்ணியமாய்ச் சம்பாதிக்க வழி செய்கிற ஒரே செயல், அவர் கேட்கும் நியாயமான கூலியைப் பேரமின்றிக் கொடுப்பது. அந்தச் சகோதரியின் தந்தையும் கணவரும் இதைப் படிப்பார்களானால் அவர்களுக்கும் ஒரு சொல்: "ஜமாஅத்தார் கேட்கிறார்கள், கொடுத்துவிடு" என்று நீங்களும் நெருக்காதீர்கள். அவருடைய உழைப்பு அவருடைய சொத்து. அதைத் தானம் செய்யும் உரிமை அவருக்கே உண்டு.

எங்கள் தரப்புக் குற்றங்கள்

இனி எங்களை நோக்கிப் பேசுகிறோம்.

ஃபைல் இருக்கும்போதே அழிந்துவிட்டது என்று சொல்வது பொய். சிறிய பொய், தொழிலைக் காக்கும் பொய் என்று அதற்குப் பெயர் மாற்றினாலும் பொய்யே. கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கையைவிட்டு, உள்ளே இருந்த ஈரத்தைக் கண்டு, அதை ஏன் மேலே மக்கள் பார்க்கும்படி வைக்கவில்லை என்று வியாபாரியைக் கண்டித்த நபி (ஸல்) அவர்களின் உம்மத் நாம். கோப்பு இருக்கிறது, ஆனால் அது பேசிய விலையில் அடங்கவில்லை என்று நேராகச் சொல்ல நமக்கு ஏன் நா எழவில்லை?

வேண்டுமென்றே சிதைத்த கோப்பை ஓபன் ஃபைல் என்று கொடுப்பது ஏமாற்று. எல்லா அடுக்குகளையும் ஒன்றாய்ப் படியவைத்து, பெயரளவில் அந்த வடிவத்தில் சேமித்துக் கொடுத்துவிட்டு, "கொடுத்தாயிற்று" என்பவர்களைப் பார்த்திருக்கிறோம். ஓபன் ஃபைலுக்கென்று தனிப் பணம் வாங்கிய பின் இப்படிச் செய்தால் அந்தப் பணம் ஹலாலா என்று அவர்களே சொல்லட்டும்.

இவற்றினும் கசப்பானது ஒன்று. நம்மில் எத்தனை பேருடைய கணினியில் விலை கொடுத்து வாங்கிய மென்பொருள் இருக்கிறது? பூட்டுடைத்த ஃபோட்டோஷாப்பையும், எங்கிருந்தோ இறக்கிய எழுத்துருவையும், பிறர் வரைந்த பூவேலையையும் வைத்துக்கொண்டு, "என் படைப்புரிமை" என்று வாடிக்கையாளரிடம் முழங்குவது எந்த நியாயம்? தனக்கு அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கி, பிறருக்கு அளந்து கொடுக்கும்போது குறைப்பவர்களைத் திருமறை எச்சரிக்கும் இடத்தில் நாமும் நிற்கிறோம் என்பதை மறக்கலாகாது. விலையின்றிச் சட்டப்படி கிடைக்கும் இங்க்ஸ்கேப், கிம்ப், ஸ்கிரைபஸ் போன்ற மென்பொருள்கள் உள்ளன. இலவச உரிமத்தோடு தமிழ், அரபு எழுத்துருக்களும் கிடைக்கின்றன. பழக்கத்தை மாற்ற உழைப்பு வேண்டும். ஆனால் பிறரிடம் நியாயம் கேட்கும் நாவுக்கு அந்த உழைப்பே தகுதியைத் தரும்.

கேட்பவரின் நியாயம்

ஓபன் ஃபைல் கேட்பதே தவறு என்று நாங்கள் சொல்லவில்லை. கேட்பதற்கு நேரிய காரணங்கள் பல. மத்ரஸாவின் சேர்க்கை அறிவிப்பில் ஆண்டுதோறும் தேதி மாறும். உணவகத்தில் விலை மாறும். வடிவமைத்த தம்பி திடீரென்று துபாய்க்கோ ரியாத்துக்கோ போய்விடுவார், அழைத்தால் எடுக்கமாட்டார். ஒவ்வொரு முறையும் ஓர் எண்ணை மாற்றுவதற்காக வாரக்கணக்கில் காத்திருப்பவரின் எரிச்சலை நாங்கள் அறிவோம்.

சிலவற்றைக் கேட்காமலே கொடுக்க வேண்டியது எங்கள் கடமை. ஒரு நிறுவனத்தின் இலச்சினையை வடிவமைத்தால், அதை எந்த அளவுக்கும் பெரிதாக்கக்கூடிய கோட்டு வடிவக் கோப்பாகக் கொடுக்கத்தான் வேண்டும். அது கடைப்பலகைக்கும், முத்திரைக்கும், வண்டிக்கும் போக வேண்டிய பொருள். அந்தக் கோப்பில்லாமல் வேலை முடிந்ததாகாது. அதுபோல் வாடிக்கையாளர் கொடுத்த புகைப்படங்கள், அவர் எழுதிய வாசகங்கள், உறுப்பினர் பட்டியல் ஆகியவை அவருடையவை. அவற்றை நம் கோப்புக்குள் வைத்துக்கொண்டு, கேட்டால் விலை சொல்வது பணயம் பிடிப்பது. முழு ஓபன் ஃபைலுக்கும் சேர்த்தே விலை பேசியிருந்தால், மறு பேச்சின்றிச் செம்மையாகக் கொடுத்துவிட வேண்டும்.

இனி என்ன செய்வது?

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு விரிவாகக் கட்டளையிடும் வசனம் அல்பகராவில் 282ஆவதாக இருக்கிறது. திருக்குர்ஆனிலேயே நீளமான வசனம் அது. சிறியதாயினும் பெரியதாயினும் எழுதச் சோம்பக்கூடாது என்றும் அது அறிவுறுத்துகிறது. இறைவன் தன் வேதத்தில் இவ்வளவு இடம் ஒதுக்கிய பழக்கத்தை நாம் வாட்ஸ்அப்பின் இரண்டு வரிகளுக்குக்கூடத் தகுதியற்றதாக்கிவிட்டோம். நம் சண்டைகளில் பெரும்பாலானவை அந்த இரண்டு வரிகள் இல்லாததால் வந்தவை.

ஆகவே வேலையைத் தொடங்கும் முன்பே இவற்றை எழுதிக்கொள்வோம்:

ஒன்று, முடிவில் எந்தெந்தக் கோப்புகள் கிடைக்கும். ஓபன் ஃபைல் அதில் அடங்குமா, அடங்காதா.

இரண்டு, அடங்காது என்றால், பின்னர் வேண்டுமானால் என்ன விலை. இதற்குப் பொது அளவு எதுவும் இல்லை. இரு தரப்பும் மனமொப்பினால் போதும். விலையை முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்பதே முக்கியம். தேவை முற்றிய பின் விலையை ஏற்றுவது அழகன்று.

மூன்று, சிறு மாற்றங்களுக்கு வழி. தேதி, விலை, தொலைபேசி எண் போன்றவற்றை நாங்களே எத்தனை நாளில், எவ்வளவு தொகைக்கு மாற்றித் தருவோம் என்பது. கேட்பவர்களில் பலருக்கு உண்மையில் தேவைப்படுவது இதுதான். ஆண்டுதோறும் மாறும் அறிவிப்புகளுக்கு, மாற்ற வேண்டிய இடங்களை மட்டும் திறந்து வைத்த எளிய படிவம் ஒன்றைச் செய்து கொடுத்துவிடலாம்.

நான்கு, ஓபன் ஃபைல் கொடுத்தால் அதன் வரம்பு. யார் பயன்படுத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாமா, எழுத்துருவும் படங்களும் அடங்குமா, மாற்றிய பின் எங்கள் பெயரை நீக்க வேண்டுமா என்பவை. கோவை அட்டவணைக்குப் பிறகு இந்தக் கடைசி நிபந்தனையை நாங்கள் ஒருபோதும் விடுவதில்லை.

ஐந்து, கோப்பை எத்தனை காலம் பாதுகாப்போம் என்பது. அதன் பின் உண்மையாகவே அழிந்தால், உண்மையாகவே சொல்லலாம்.

எதையும் எழுதாமல் முடிந்துபோன பழைய வேலைக்கு இன்று ஓபன் ஃபைல் கேட்டு ஒருவர் வந்தால், எங்கள் தரப்பினர் இப்படிச் சொல்லலாம்: "காக்கா, ஃபைல் பத்திரமா இருக்கு. அன்னைக்கு நாம பேசினது கார்டுக்கு மட்டும்தான், இதுக்குப் பேசலை. உங்களுக்கு என்ன மாத்தணும்னு சொல்லுங்க, நானே மாத்தித் தர்றேன். இல்ல, ஃபைலேதான் வேணும்னா இவ்வளவு ஆகும். பேசாம விட்டது என் தப்பும்தான், அதனால குறைச்சுத்தான் சொல்றேன்." இதில் பொய் இல்லை, கோபம் இல்லை, உரிமையை விட்டுக்கொடுத்ததும் இல்லை. கேட்பவர், "தர முடியுமா, என்ன ஆகும்?" என்று தொடங்கினால் பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும். "அனுப்பி விடுங்க" என்பதற்கும் "தர முடியுமா" என்பதற்கும் இடையில் இருக்கிறது ஒரு சகோதரனுடைய ஹக்கு.

இது சின்ன விஷயம், இதற்கு இவ்வளவு எழுத வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். இரண்டாயிரம் ரூபாய் அழைப்பிதழில் பிறர் உரிமையைப் பேண முடியாதவர் இருபது லட்ச ரூபாய் பாகப்பிரிவினையில் பேணுவார் என்று எதிர்பார்ப்பதெங்ஙனம்? மறுமையில் திறக்கப்படும் நம்முடைய ஏட்டில் எழுதப்பட்டதை எவராலும் மாற்ற முடியாது. மாற்றிக்கொள்ளும் வாய்ப்பு இங்கேதான், இப்போதுதான்.

கொடுக்கல் வாங்கலில் பெருந்தன்மையாக நடப்போருக்கு அருள் வேண்டி நபி (ஸல்) அவர்கள் செய்த துஆவில் நம்மையும், நம்மிடம் வேலை தருவோரையும், நம் பிள்ளைகளையும் வல்ல நாயன் சேர்த்தருள்வானாக. நம் சம்பாத்தியத்தில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.